தேதியிட்ட ஆப்பிரிக்காவைக் கண்டு ஏன் இந்த நடுக்கம்?

சென்ற இதழில் காங்கோவின் நகர ஓவியங்களைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்த நீண்ட கட்டுரையைப் படித்துவிட்டு, அதன் அடர்த்தியைக் கண்டு சிலர் மிரண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். மிரள ஒன்றுமில்லை. கலைச்சொற்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது நான்கே கூற்றுகள். லுபும்பாஷியிலும் கின்ஷாசாவிலும் வரையப்பட்டவை ஓவியங்களே அல்ல, கடைப் பலகைகள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்களைக் கலைஞர்கள் என்பது அபத்தம். அவர்கள் தீட்டிய வரலாறு பிழை மலிந்தது. கூட்டு நினைவு என்ற பேச்சே பாரிஸ் வியாபாரிகள் ஒட்டிய லேபிள். இந்த நான்குக்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று, வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டுக்கொண்டு பதுங்கிக் கிடக்கிறது: முகமூடியும் மரச்சிற்பமுமே அசல் ஆப்பிரிக்கா, தூரிகையும் கித்தானும் வெள்ளைக்காரன் கொடுத்த இரவல். மற்ற நான்கும் அது பெற்ற பிள்ளைகள் என்பதால் தாயிடமிருந்தே தொடங்குகிறேன்.

நமீபியாவின் அப்பல்லோ 11 குகையில் கிடைத்த, வண்ணம் தீட்டிய கற்பலகைகளுக்கு வயது ஏறக்குறைய 25,000 ஆண்டு. எத்தியோப்பியத் தேவாலயச் சுவர்களும், நூபியாவின் ஃபராஸ் பேராலயத்தில் மணல் மூடிக் கிடந்து 1960களில் மீட்கப்பட்டு இன்று வார்சாவிலும் கார்ட்டூமிலும் இருக்கும் சுவரோவியங்களும் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தவை என்று நண்பர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சரி, அவற்றை விட்டுவிடுவோம். தைலவண்ணமும் கித்தானும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பதை ஒப்புக்கொண்டே பேசுவோம். அதனால் என்ன ஆகிவிட்டது? ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை, தொழில்நுட்பரும் அங்கிருந்து வந்தவர்; அதற்காக நம் பூஜை அலமாரியில் இருக்கும் லட்சுமியையும் சரஸ்வதியையும் எவரும் பெர்லினுக்குத் திருப்பி அனுப்பிவிடவில்லை.

ரவிவர்மாவைச் சும்மா இழுக்கவில்லை. அதே காலத்தை ஒட்டி ஹாம்பர்க் அச்சகம் ஒன்று, பாம்பைத் தோளில் சுற்றிக்கொண்டு நிற்கும் வித்தைக்காரி ஒருத்தியின் படத்தை வண்ணத்தில் அச்சிட்டது. அது கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்த நீர்த்தேவதை நம்பிக்கைகளோடு கலந்து மாமி வாட்டாவின் திருவுருவமாகவே ஆகிவிட்டது. 1955இல் அதே படம் பம்பாயின் காலண்டர் அச்சகம் ஒன்றில் மறுபதிப்பாகி மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. அவளுடைய உறவுக்காரிதான் லுபும்பாஷி இருக்கும் கட்டங்கா பகுதியின் செப்புச் சுரங்கத் தொழிலாளர் வீட்டு முன்னறைகளில் தொங்கிய மாம்பா முந்து: பாதி பெண், பாதி மீன், வேண்டியவனுக்குச் செல்வமும் பெற்றவனுக்கு ஆபத்தும் கொடுப்பவள். சர்க்கஸ் விளம்பரம், பம்பாய் காலண்டர், கடலோரத் தெய்வம், சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளி எல்லாரும் சேர்ந்து பிறப்பித்த இந்த உருவத்தில் எந்தப் பகுதி அசல், எந்தப் பகுதி இரவல் என்று பிரித்துக் காட்டும் கருவி நண்பரிடம் இருந்தால் அதை ஏதாவது பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளிக்கட்டும். மனிதர்கள் நகரத்தில் வாழத் தொடங்கியதும் அவர்களுடைய தெய்வங்களும் நகரவாசிகளாகிவிடுகின்றன. இது புரிய ஆப்பிரிக்கவியல் பட்டம் தேவையில்லை.

அடுத்தது, திரும்பத் திரும்ப வரைதல் என்ற குற்றச்சாட்டு. இதே நண்பர் முன்பொரு கட்டுரையில் மோனே ருவான் தேவாலயத்தை முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்ததை ஒளியின் தவம் என்று உருகியிருந்தார். பிரெஞ்சுக்காரர் முப்பது முறை வரைந்தால் தவம், லுபும்பாஷிக்காரர் முப்பது முறை வரைந்தால் நகல். இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள்?

அப்படித் திரும்பத் திரும்ப வரையப்பட்ட படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘பெல்ஜியக் காலனி’ என்பது அதன் பெயர். பெரும்பாலும் 1885–1959 என்று ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். ஒரு சிறை முற்றம். குப்புறக் கிடத்தப்பட்ட ஒரு கைதி, அவன்மேல் இறங்கும் நீர்யானைத் தோல் சாட்டை, அதை வீசும் கறுப்புக் காவலன், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் வெள்ளை அதிகாரி, பெல்ஜியக் கொடி, கைதிகளுக்குச் சோறு கொண்டுவந்து காத்திருக்கும் பெண்கள். இதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டின் முன்னறையில் மாட்டியவர்கள் சுற்றுலாப் பயணிகளோ தூதரகக்காரர்களோ அல்ல. சுரங்கத்திலும் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். ஓவியர் மாவுச் சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வரைவார், தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் விற்பார், விருந்தாளிகள் வரும் அறையில் அது தொங்கும். வந்தவர் பார்ப்பார், யாராவது ஒரு கதையைத் தொடங்குவார், இன்னொருவர் அதைத் திருத்துவார். அந்தப் பேச்சை வரவழைப்பதற்காகத்தான் படத்தையே வாங்கினார்கள். அடுத்த தெருக்காரனும் அதையேதான் கேட்டான் என்றால், அந்தத் தெருவுக்கு எது மறக்கக் கூடாததாக இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறென்ன? நண்பர் தேடும் ஒற்றைப்பிரதி மேதைமை அங்கே கிடைக்கவில்லை என்றால், கூட்டு நினைவைத் தேடப் போன இடத்தில் தனிமேதையைக் காணவில்லை என்று புகார் எழுதுவது யாருடைய கோளாறு?

இந்த முற்றத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1885–1959 என்று எழுதியிருந்தாலும் இவை விடுதலைக்குப் பின் வந்த சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சியில் வரையப்பட்டு விற்கப்பட்டவை. கொடி மாறியிருக்கிறது, சாட்டை மாறவில்லை என்பதை முன்னறையில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் படங்களை நீண்ட காலம் சேகரித்து ஆராய்ந்த போகுமில் யெவ்ஸியெவிக்கி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். சர்வாதிகாரியின் காதில் விழாமல் சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேச, முடிந்துபோனதாக அறிவிக்கப்பட்ட காலத்தை வரைவது எத்தனை சாமர்த்தியமான வழி! நம் நண்பருக்கோ அதில் தெரிந்தது உடற்கூறு சரியில்லாத கால்கள் மட்டும்தான்.

இனி மூன்றாவது கூற்று, வரலாற்றுப் பிழை. அவருடைய கட்டுரையின் முதுகெலும்பு இதுதான் என்பதால் நானும் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

சிபும்பா கந்தா மாதுலு 1947இல் எலிசபெத்வில்லில், அதாவது இன்றைய லுபும்பாஷியில் பிறந்தவர். 1973–74இல் அவர் மானுடவியலாளர் யோஹன்னஸ் ஃபேபியனுக்காக, நாட்டின் முழு வரலாற்றையும் ஏறக்குறைய 100 ஓவியங்களாக வரைந்தார். ஒவ்வொன்றையும் பற்றி சுவாஹிலியில் விளக்கிப் பேசினார், அந்த உரையாடல்கள் பதிவாயின, 1996இல் எல்லாம் சேர்ந்து புத்தகமாக வந்தன. முன்னோர் காலம், காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை வந்தடைந்த போர்ச்சுகீசியர், லிவிங்ஸ்டன், ஸ்டான்லி, 1891இல் சுட்டுக்கொல்லப்பட்ட மன்னர் ம்ஸிரி, 1921இல் சிறைப்பட்டு முப்பது ஆண்டுகள் உள்ளேயே கிடந்து மடிந்த சமயத்தலைவர் சிமோன் கிம்பாங்கு, விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா, கட்டங்காவின் பிரிவினை, மொபுட்டு என்று போய், இன்னும் வராத காலத்தையும் வரைந்து முடிகிறது அந்த வரிசை. அவர் தம்மை ஓவியர் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வரலாற்றாசிரியர் என்றே சொல்லிக்கொண்டார். நண்பரை அதிகம் சுட்டது இந்தச் சொந்தப் பிரகடனம்தான் என்று தோன்றுகிறது. பலகை எழுதும் வகுப்பைச் சேர்ந்தவன் வரலாறு எழுதுவதாவது!

எனவே ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பிழைகளைப் பொறுக்கியிருக்கிறார். பிழைகள் இருக்கின்றன, ஃபேபியனே அவற்றை மறைக்கவில்லை. நண்பரின் பட்டியலில் உச்சமாக நிற்பது லுமும்பாவின் மரணம். சிபும்பா வரைந்ததில் மூன்று சடலங்கள் கிடக்கின்றன, பின்னால் அடிவானத்தில் மூன்று சிலுவைகள். ஆப்பிரிக்காவின் கல்வாரி என்று அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார். அந்தப் புல்வெளியில் அன்றைக்குச் சிலுவை எதுவும் நடப்பட்டிருக்கவில்லை என்று நண்பர் மிகுந்த ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்து நமக்குத் தெரிவித்திருக்கிறார். நன்றி.

இப்போது ஆவணங்களின் பக்கம் போவோம். 1961 ஜனவரி 17 இரவு, எலிசபெத்வில்லுக்கு வெளியே, கட்டங்கா ஆட்சியாளர்களும் பெல்ஜிய அதிகாரிகளும் பார்த்திருக்க, லுமும்பாவும் அவருடைய தோழர்கள் ம்போலோவும் ஒகிட்டோவும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 13 அன்று கட்டங்காவின் உள்துறை அமைச்சர் முனோங்கோ உலகத்துக்குச் சொன்னது என்ன? மூவரும் காவலிலிருந்து தப்பி ஓடினார்கள், கிராமத்தவர்கள் அவர்களைக் கொன்றுவிட்டார்கள். அதுதான் அன்றைய அதிகாரபூர்வ வரலாறு. முத்திரையோடு வந்த ஆவணம். சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டு அமிலத்தில் கரைக்கப்பட்டிருந்தன. லூடோ தெ விட்டெயின் ஆய்வுநூல் 1999இல் வந்த பிறகுதான் பெல்ஜிய நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. சில பெல்ஜிய அமைச்சர்களுக்கு இதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று 2001இல் அது மென்று விழுங்கிச் சொன்னது. மறு ஆண்டு பெல்ஜிய அரசு மன்னிப்புக் கேட்டது. உடலைக் கரைத்த பெல்ஜியக் காவல் அதிகாரி கையோடு எடுத்துப் போயிருந்த ஒரு பல், 2022 ஜூனில்தான் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவையெல்லாம் நடப்பதற்கு வெகு காலம் முன்பே, கொலை நடந்த ஊரில் மாவுச் சாக்கில் படம் வரைந்து பிழைத்த ஒருவர், தப்பியோட்டம் என்ற கதையை நம்பாமல், இது பலி என்று வரைந்து வைத்திருக்கிறார். சிலுவைகளை எண்ணிக் குற்றம் சொல்லும் நண்பர், முத்திரையிட்ட பொய்யை எந்தக் கணக்கில் வைப்பார்? சிலுவையைப் பார்த்தவர் எவரும் அங்கே உண்மையில் மரக்கட்டை நின்றது என்று நம்பி ஏமாறவில்லை. அமைச்சரின் அறிவிப்போ ஏமாற்றுவதற்கென்றே எழுதப்பட்டது. இந்த வேறுபாட்டைக் காண முடியாத கண்ணை வைத்துக்கொண்டு ஓவிய விமர்சனம் எழுதுவது ஒரு துணிச்சல்தான்.

இங்கே அவர் சொல்லியிருக்கக்கூடிய, ஆனால் சொல்லத் தெரியாமல் விட்ட ஒரு வலுவான வாதம் உண்டு. அவருக்காக நானே சொல்கிறேன். 1960 டிசம்பரில் லுமும்பாவைப் பிடித்து அடைத்தது மொபுட்டுவின் படை. அதே மொபுட்டு 1966இல் அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தார். ஆக, லுமும்பாவைத் தியாகியாக வரைவது 1973இல் ஆட்சிக்கு உகந்த காரியமும்தான். ஓவியரின் நினைவுக்குள் அரசின் பிரச்சாரமும் புகுந்திருக்கலாம். இதை ஒப்புக்கொண்டால் படத்தின் மதிப்பு குறைகிறதா? அரசு சொல்லித்தந்ததும், தேவாலயத்தில் கேட்டதும், தெருவில் முணுமுணுக்கப்பட்டதும் ஒரே கித்தானில் எப்படி முட்டிமோதிக்கொண்டு இடம்பிடிக்கின்றன என்பதைக் காட்டுவதால்தான் அது ஒரு நகரத்தின் நினைவு. தூய நினைவு வேண்டுபவர்கள் நகரங்களுக்குப் போகக் கூடாது.

1941 டிசம்பரில் யூனியன் மினியேர் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது எலிசபெத்வில் கால்பந்து மைதானத்தில் கூடியிருந்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அதையும் சிபும்பா வரைந்தார். அது அவர் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஊரில் கேட்டுத்தான் அறிந்திருப்பார். நண்பரின் பிழைப்பட்டியலில் இந்தப் படம் இல்லை. ஏனோ?

வெள்ளைக்கார மானுடவியலாளர் காசு கொடுத்து வரையச் சொன்னது, ஆகவே இது காங்கோவின் குரலே அல்ல என்கிறார் அடுத்து. சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கேலாஞ்சலோ பொழுதுபோகாமல் தீட்டினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா? ஃபேபியனைச் சந்திப்பதற்கு முன்பே சிபும்பா வரலாற்றுப் படங்களை வரைந்து ஊருக்குள் விற்றுக்கொண்டிருந்தார். முழு வரலாற்றையும் வரைய வேண்டும் என்பது அவருடைய ஆசை, அதற்கு வாய்ப்பாக வந்தவர் ஃபேபியன். வாங்குபவர் யார் என்பது படத்தைப் பாதிக்கும், மறுக்கவில்லை. அதைக் கொண்டு படத்தையே செல்லாததாக்கலாம் என்றால் உலகத்தின் அருங்காட்சியகங்களில் பாதியை இன்று மாலையே பூட்டிவிடலாம்.

கின்ஷாசாவுக்கு வந்தால் நண்பரின் நிதானம் முற்றிலும் நழுவிவிடுகிறது. லுபும்பாஷி ஓவியர்களுக்குத் தனித்துவம் இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் வருந்தியவர், ஏழாம் பக்கத்தில் ஷேரி சாம்பா எல்லாப் படத்திலும் தம் முகத்தையே வரைகிறார், இது தன்முனைப்பு நோய் என்கிறார். அங்கே ‘நான்’ இல்லை என்று அழுகை, இங்கே ‘நான்’ அதிகம் என்று அழுகை. இந்த மனிதர்கள் எந்த அளவு ‘நான்’ போட்டால் நண்பருக்குச் செரிக்கும்? சாம்பா பலகை எழுதியே தொழில் கற்றவர், 1975இல் சொந்தப் பட்டறை திறந்தவர், படத்துக்குள் பிரெஞ்சிலும் லிங்காலாவிலும் வாசகங்களை நிரப்புபவர். ஏன் எழுதுகிறார் என்பதற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: தெருவில் போகிறவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார், எழுத்து இருந்தால் நின்று படிப்பார். கூட்டமும் பஸ் இரைச்சலும் மதுக்கடைப் பாட்டும் நிறைந்த சாலையோரத்தில் ஒரு மனிதனை இரண்டு நிமிடம் நிறுத்திவைப்பது எத்தனை கடினம் என்பது, குளிரூட்டிய காட்சிக்கூடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர்களுக்குத் தெரியாது. மோக்கே வரைந்த இரவுவிடுதிகளும் போடோவின் பகட்டு உடைக்காரர்களும் இதே தெருவிலிருந்துதான் வந்தவை. பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்பதற்காக அவற்றைக் கலை இல்லை என்பவர், கலைக்குச் சந்தன வாசனை கட்டாயம் என்று எங்கே படித்தார்?

கடைசியாக, பாரிஸ் வியாபாரிகள். 1989இல் பாரிஸில் நடந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சியும், அதைப் பார்த்துவிட்டு ழான் பிகோட்ஸி குவிக்கத் தொடங்கிய சேகரிப்பும், ஆந்த்ரே மான்யான் 2015இல் ஃபோந்தாசியோன் கார்ட்டியேயில் அமைத்த காங்கோ கண்காட்சியும் சேர்ந்துதான் இந்த ஓவியத்தையே உண்டாக்கின என்பது அவர் வாதம். நாட்காட்டி என்று ஒன்று இருக்கிறது. மோக்கே தம் பதினைந்தாவது வயதை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கும் ஜெனரல் மொபுட்டுவை வரைந்தது 1965இல். சிபும்பாவின் வரிசை 1973–74. இந்தத் தெரு ஓவியர்களைக் கின்ஷாசாக்காரர்களே திரட்டிக் காட்டிய கண்காட்சி 1978இல். பாரிஸ் கண் விழித்தது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து. பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு மருத்துவச்சி வந்து சேர்ந்தாளாம்.

ஆனால் சந்தை பற்றிய பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் கல்லூரியில் பயின்ற ஆப்பிரிக்க ஓவியர்களை ஒதுக்கிவிட்டு, தாமே கற்றவர்களைத் தேடித்தேடி வாங்கினார்கள். 1958இல் நைஜீரியாவின் ஜாரியாவில் கலைச் சங்கம் தொடங்கிய உச்சே ஒகேகே போன்றவர்களும் சூடானின் இப்ராஹிம் எல் சலாஹியும் அந்த மோகத்தில் பல காலம் ஓரங்கட்டப்பட்டார்கள். இதை விமர்சகர்கள் ஒலு ஒகிபேயும் ஒக்வுய் என்வேசரும் பல ஆண்டுகளுக்கு முன்பே, நண்பரைவிட நூறு மடங்கு கூர்மையாக எழுதிவிட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் அந்தக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டதோடு, தலைகீழாகவும் பிடித்திருக்கிறார். அவர்கள் கேட்டது, கல்லூரியில் படித்தவரையும் சேர்த்துப் பாருங்கள் என்பது; இவர் கேட்பது, தெருவில் வரைந்தவரையும் வெளியே தள்ளுங்கள் என்பது. இரண்டு பேரையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது யார்? மறுபடியும் அந்த முகமூடிதான்.

அந்த முகமூடியில் அப்படி என்ன வசதி? அதில் செய்தவர் கையெழுத்து இல்லை, ஆண்டு இல்லை. இருந்த விவரங்களையும் கொண்டுபோனவர்கள் குறித்துவைக்கவில்லை. அதைச் சுவரில் மாட்டிவிட்டு ஆதிமனத்தின் ஆழம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம், அது திருப்பிப் பேசாது. சிபும்பாவின் படமோ ஓவியர் பெயரையும் நாளையும் ஊரையும் எழுதிவைத்துக்கொண்டு எதிரே நிற்கிறது, யார் யாரைச் சுட்டது என்று கேட்கிறது. சாம்பா 1997இல் வரைந்த மூன்று பகுதி ஓவியத்தில் பிக்காசோவின் பக்கத்தில் தம்மை வைத்து, எங்கள் கலைக்கு என்ன எதிர்காலம், அதை ஏற்க யாருக்கு மனம் இருக்கிறது என்று கேட்கிறார். கேள்வி கேட்கும் ஆப்பிரிக்காவைவிட மௌனமான ஆப்பிரிக்காவே பலருக்குப் பிடித்திருக்கிறது. காலனி ஆட்சிக்கும் அதுதான் பிடித்திருந்தது. மேற்கத்திய ஆதிக்கத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர் அதே ரசனையோடு வந்து நிற்பதுதான் வேடிக்கை.

மேற்கத்தியரின் மேல் அவருக்கு உண்மையிலேயே கோபம் இருக்குமானால் அதற்கான இடத்தை நானே காட்டுகிறேன். சிபும்பா 1980களின் தொடக்கத்தோடு தடயமில்லாமல் மறைந்துபோனார். அவர் வரைந்த அந்த வரலாறு இன்று இருப்பது ஆம்ஸ்டர்டாமில், முன்பு டிராப்பன் மியூசியம் என்று அழைக்கப்பட்ட அருங்காட்சியகத்தில். மைதானத்தில் சுடப்பட்டவர்களின் பேரன், தன் ஊர்க்காரர் வரைந்த தன் ஊரின் வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் லுபும்பாஷியிலிருந்து விசா வாங்கிப் போக வேண்டும். நீண்ட கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த ஓவியங்களைக் காங்கோவுக்கு அனுப்பச் சொல்லி நண்பர் நாளைக்கே ஒரு விண்ணப்பம் எழுதட்டும். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.